இலக்கியக் கலைச்சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேனிலைப் பள்ளி மாணவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், பணி ஓய்வுக்குப் பின் சங்கப் பாடல்களைக் கையில் எடுத்தவர்களும் ஒன்றாக அமரும் மாலை வகுப்பில் திரும்பத் திரும்ப எழுந்த ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை வைத்திருக்கிறேன். முன்னர் விளக்கிய செய்தி மறுபடி தேவைப்படும் இடங்களில் அந்தக் கேள்வியின் எண் மட்டும் தரப்பட்டிருக்கிறது.

1. எதுகை, மோனை, தளை, திணை, துறை, அணி என்று பட்டியலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பட்டியலாகப் படிக்கத் தொடங்குவதுதான் மலைப்புக்குக் காரணம். இச்சொற்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஒரு பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டால் கிடைக்கும் விடைகள் யாப்புச் சொற்கள். அசை, சீர், தளை, அடி, தொடை ஆகியவை அங்கே அடங்கும். சொல்ல வந்ததை எவ்வகை அழகோடு சொல்லியிருக்கிறது என்று கேட்டால் உவமை, உருவகம், சிலேடை முதலிய அணிகள் வரும். எதைப் பற்றி, யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று கேட்டால் திணை, துறை, கூற்று ஆகியவை வரும். புதிய சொல் ஒன்றைக் கண்டால், அது இம்மூன்றில் எந்தக் கேள்விக்கு விடை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழகுவதற்குத் திருக்குறளைப் போல வசதியான களம் வேறில்லை. இரண்டே அடி, ஏழே சீர். முழுப்பாட்டும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். பெரும்பாலான குறள்கள் முன்பே காதில் விழுந்தவை என்பதால், பாட்டின் பொருளோடு மல்லுக்கட்டாமல் கலைச்சொல்லில் மட்டும் கவனம் செலுத்தலாம். இந்தப் பக்கத்தின் முற்பகுதி முழுவதும் குறள்களைக் கொண்டே விளக்குவது அதனால்தான்.

2. எதுகை எது, மோனை எது? எத்தனை முறை படித்தாலும் மாறிப் போகிறது.

முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. இந்த வரையறை எல்லோருக்கும் தெரியும். பாட்டில் அதைப் பார்த்துப் பழகாததால்தான் மறந்துபோகிறது. “கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக” என்ற 391ஆம் குறளை எடுத்துக்கொள்வோம். முதல் அடியின் நான்கு சீர்களும் ககரத்தில் தொடங்குகின்றன. இது முற்று மோனை. அதே அடியில் ‘கற்க’, ‘கற்பவை’, ‘கற்றபின்’ என 1, 3, 4ஆம் சீர்களில் இரண்டாம் எழுத்தாக றகர மெய் நிற்கிறது. இது மேற்கதுவாய் எதுகை. இரண்டாம் அடி ‘நிற்க’ என்று தொடங்குவதால் ‘கற்க – நிற்க’ என்று அடியெதுகையும் அமைந்துவிடுகிறது.

இந்த ஒரு குறளை இப்படிப் பிரித்துப் பார்த்து மனத்தில் இருத்திக்கொண்டால் வரையறையைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எதுகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் மட்டும் போதாது; முதல் எழுத்துகள் அளவாலும் ஒத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் குறில் என்றால் மற்ற இடத்திலும் குறில், நெடில் என்றால் நெடில். ‘பட்டு – கட்டு’ எதுகையாகும். ‘பட்டு – பாட்டு’ ஆகாது.

3. முதல் எழுத்து வேறாக இருக்கும்போதும் மோனை என்று எழுதியிருக்கிறார்களே, அச்சுப் பிழையா?

பிழையன்று. மோனையில் அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை. அதன் இன எழுத்தும் வரலாம். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் ஒன்றுக்கொன்று மோனையாக வரும்.

“அகர முதல எழுத்தெல்லாம் ஆதி / பகவன் முதற்றே உலகு” என்ற முதற்குறளில் ‘அகர’, ‘ஆதி’ என 1ஆம் சீரும் 4ஆம் சீரும் அ – ஆ என இயைவது ஒரூஉ மோனை. ‘அகர – பகவன்’ என்பது அடியெதுகை.

4. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா? அலகிடுவது கணக்குப் பாடம் போல இருக்கிறது.

இந்த வாய்பாடுகள் தற்செயலாக வைத்த பெயர்கள் அல்ல. ஒவ்வொரு பெயரும் தான் குறிக்கும் அசையமைப்பைத் தனக்குள்ளேயே கொண்டிருக்கிறது. குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும், மெய்யோடு சேர்ந்து வந்தாலும் நேரசை. இரு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ, அவற்றோடு மெய் சேர்ந்தோ வந்தால் நிரையசை. ‘தே – மா’ என்ற சொல்லைப் பிரித்தாலே நேர், நேர் என்று வந்துவிடும். ‘புளி – மா’ நிரை, நேர். ‘கரு – விளம்’ நிரை, நிரை. ‘கூ – விளம்’ நேர், நிரை. ஆகவே பெயர் நினைவில் இருந்தால் அமைப்பும் நினைவில் இருக்கும்.

3ஆம் கேள்வியில் கண்ட முதற்குறளையே அலகிடுவோம். அக/ர – நிரை நேர், புளிமா. முத/ல – புளிமா. எழுத்/தெல்/லாம் – நிரை நேர் நேர், புளிமாங்காய். ஆ/தி – நேர் நேர், தேமா. பக/வன் – புளிமா. முதற்/றே – புளிமா. கடைசிச் சீராகிய ‘உலகு’ பிறப்பு என்னும் வாய்பாட்டில் முடிகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய நான்கனுள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

இங்கிருந்து தளைக்குச் செல்வது எளிது. ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் சேரும் முறைக்குத் தளை என்று பெயர். வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரையசையும், விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசையும் வர வேண்டும். மேலே அலகிட்ட ஏழு சீர்களையும் இந்த விதியை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓரிடத்திலும் தளை தட்டாது.

5. ‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம். இப்படி வைத்துக்கொள்ளலாமா?

தேர்வறையில் பலரை வீழ்த்தும் குறுக்குவழி இதுதான். ‘போல’ இருந்தால் உவமை என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். “அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை / இகழ்வார்ப் பொறுத்தல் தலை” என்ற குறள் அதற்குச் சான்று. ஆனால் ‘போல’ மறைந்து நின்றாலும் உவமை உவமையே. ‘மதிமுகம்’ என்றால் மதி போன்ற முகம். உருபு தொக்கு நிற்பதால் அது உவமைத்தொகை. அதையே ‘முகமதி’ என்று திருப்பிச் சொன்னால் முகமாகிய மதி, அது உருவகம். ‘மலரடி – அடிமலர்’, ‘தேன்தமிழ் – தமிழ்த்தேன்’ ஆகியவற்றையும் இப்படியே பிரித்து அறியலாம்.

எனவே பார்க்க வேண்டியது உருபை அன்று, உறவை. இரண்டு பொருள்கள் தனித்தனியாக நின்று ஒப்பிடப்பட்டால் உவமை. ஒன்றன்மேல் மற்றொன்றை ஏற்றி இரண்டும் ஒன்றே என்று சொன்னால் உருவகம். “பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் / இறைவன் அடிசேரா தார்” என்ற குறளில் பிறவி கடலாகவே ஆக்கப்பட்டிருக்கிறது. கடலைக் கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பம் என்று உருவகம் செய்யாமல் விட்டதால் இதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர். தொடர்புடைய இரண்டனுள் ஒன்றை உருவகம் செய்து மற்றொன்றை விட்டுவிடுவதே அதன் இலக்கணம்.

6. அப்படியானால் எடுத்துக்காட்டு உவமையும் பிறிதுமொழிதலும்? இரண்டிலும்தான் ‘போல’ இல்லையே.

உவமை, பொருள் ஆகிய இரண்டும் சொல்லப்பட்டிருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். முதற்குறளில் எழுத்துகளுக்கு அகரம் முதல் என்ற உவமையும் இருக்கிறது, உலகுக்கு ஆதிபகவன் முதல் என்ற பொருளும் இருக்கிறது. இடையே உருபு மட்டும் இல்லை. இது எடுத்துக்காட்டு உவமை.

“பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் / சால மிகுத்துப் பெயின்” என்ற குறளில் மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உவமை மட்டும்தான் இருக்கிறது. எளிய பகைவரே ஆனாலும் பலர் திரண்டால் வலியவனும் தாங்கமாட்டான் என்ற பொருளைக் குறள் வாய்திறந்து சொல்லவில்லை. வலியறிதல் என்ற அதிகாரத்தில் வைக்கப்பட்டிருப்பதால் நாம் உய்த்துணர்கிறோம். இது பிறிதுமொழிதல்.

7. உள்ளுறை, இறைச்சி இரண்டுமே மறைபொருள் என்கிறார்கள். பிறகு எதற்கு இரண்டு பெயர்?

வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. உரையாசிரியர்களே நுணுகி ஆராய்ந்த இடம். குறுந்தொகையிலிருந்து இரண்டு பாடல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். முதலாவது, ஆலங்குடி வங்கனார் பாடிய 8ஆம் பாடல். தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, தலைவியைச் சார்ந்தவர்கள் காதில் விழுமாறு பேசுகிறாள். “கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் / பழன வாளை கதூஉம் ஊரன்” என்று தொடங்குகிறாள். வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாக விழும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் என்பது நேர்ப்பொருள். அவனை நான் வலிந்து இழுக்கவில்லை, தானாக வந்தவனை ஏற்றுக்கொண்டேன் என்பது உள்ளே உறையும் பொருள். பழம் தலைவனுக்கும், வாளை பரத்தைக்கும், மரம் தலைவிக்கும் என ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்ட முடிகிறது. இப்படிக் கருப்பொருள்களின் வழியாக ஓர் உவமையையே முழுதாக மறைத்து வைப்பது உள்ளுறை உவமம். கருப்பொருள்களில் தெய்வத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்துவதில்லை என்பது தொல்காப்பியம் கூறும் வரம்பு.

இரண்டாவது, பாலை பாடிய பெருங்கடுங்கோவின் 37ஆம் பாடல். பிரிந்து சென்ற தலைவன் வருவான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். “பிடிபசி களைஇய பெருங்கை வேழம் / மென்சினை யாஅம் பொளிக்கும்” வழியில்தான் அவன் சென்றிருக்கிறான் என்கிறாள். பெண்யானையின் பசியைத் தீர்க்க ஆண்யானை யாமரத்தின் பட்டையை உரிக்கும் காட்சியை அவன் காண்பான், கண்டால் தன் கடமை நினைவுக்கு வரும், விரைந்து திரும்புவான். யானை தலைவனுக்கும் பிடி தலைவிக்கும் உவமை என்று நிறுத்திவிட்டால் பாட்டின் பாதி நம் கையைவிட்டுப் போய்விடும். அந்த யானைகள் அவன் போகும் வழியில் உண்மையாகவே இருக்கின்றன. காட்சியிலிருந்து மேலும் ஒரு பொருள் பிறக்கிறது. இது இறைச்சி. பொருத்திப் பார்த்தால் முடிந்துவிடுவது உள்ளுறை. பொருத்திப் பார்ப்பதைத் தாண்டி, நிகழவிருப்பதை ஊகிக்க வைப்பது இறைச்சி. தொடக்க நிலையில் இந்த அளவு வேறுபாடு போதும்.

8ஆம் பாடலில் இன்னொரு பயனும் உண்டு. அதன் பிற்பகுதியில், தலைவன் தன் வீட்டில் மனைவி விரும்பியதைச் செய்கிறான் என்று எள்ளும்போது, “கையும் காலும் தூக்கத் தூக்கும் / ஆடிப் பாவை போல” என்கிறாள். கண்ணாடியில் தெரியும் உருவம் போல என்பது வெளிப்படையான உவமை. ஆறே அடிக்குள் மறைந்த உவமையும் வெளிப்பட்ட உவமையும் ஒருங்கே கிடைக்கின்றன. கலைச்சொல் கற்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

8. திணை என்றால் நிலம்தானே? ஆனால் புறநானூற்றிலும் திணை இருக்கிறது, உயர்திணை அஃறிணை என்றும் இருக்கிறது.

ஒரே சொல் இலக்கணத்தின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு பொருளில் வழங்குவதால் வரும் குழப்பம் இது. சொல்லிலக்கணத்தில் திணை என்பது பெயர்களின் பாகுபாடு: மக்கள், தேவர் போன்றோர் உயர்திணை, மற்றவை அஃறிணை. புறப்பொருளில் திணை என்பது போர், கொடை முதலிய புறவாழ்க்கையின் பிரிவு: ஆநிரை கவர்தல் வெட்சி, ஒருவரது புகழைப் பாடுதல் பாடாண். தொல்காப்பியத்தில் புறத்திணைகள் 7. புறப்பொருள் வெண்பாமாலையில் 12. தேர்வில் எண்ணிக்கையைக் கேட்டால் எந்த நூலின்படி என்று பார்த்து எழுத வேண்டும்.

அகப்பொருளில்கூடத் திணையை நிலம் என்று மட்டும் சொல்வது குறையுடையது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழும் விலங்கு, பறவை, மரம், தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கம் உரிப்பொருள். திணையை முடிவு செய்வதில் உரிப்பொருளுக்கே முதன்மை. பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பதே இதற்குப் போதிய சான்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது.

‘துறை’ என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. அகத்திலும் புறத்திலும் துறை என்பது திணையின் உட்பிரிவாகிய குறிப்பிட்ட சூழல். யாப்பில் தாழிசை, துறை, விருத்தம் என்னும் பாவினங்களுள் ஒன்றுக்கும் துறை என்றே பெயர். கட்டளைக் கலித்துறை அவ்வகையில் வந்தது. 1ஆம் கேள்வியில் சொன்னபடி, சொல் எந்தப் பகுதிக்கு உரியது என்று பார்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

9. சிலேடை புரிகிறது. ஆனால் செம்மொழி, பிரிமொழி என்று எப்படிப் பிரிப்பது?

காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒருங்கே பாடிய வெண்பா “ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்” என்று தொடங்குகிறது. பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும், ஆடும்போது சீறும். எள் செக்கில் ஆடப்பட்டு எண்ணெயாகக் குடத்தில் சேரும், ஆடும்போது செக்கு இரையும். ‘ஆடி’, ‘இரையும்’ ஆகிய சொற்களை உடைக்காமலேயே இரு பொருளும் கிடைப்பதால் இவை செம்மொழிச் சிலேடை. அதே பாட்டில் வரும் ‘பிண்ணாக்கு’ எள்ளுக்கு அப்படியே பொருந்தும். பாம்புக்கு வரும்போது பிளவுபட்ட நாக்கு என்று சொல்லைப் பிரித்தால்தான் பொருந்தும். அது பிரிமொழிச் சிலேடை.

10. பின்வருநிலை அணி மூன்று வகை என்கிறார்கள். சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வந்த சொல்லே வேறு பொருளில் மீண்டும் வந்தால் சொல் பின்வருநிலை: “துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி” என்ற குறளில் உண்பவர், உணவு எனப் பொருள் மாறிக்கொண்டே போகிறது. வந்த பொருளே வேறு சொற்களில் வந்தால் பொருள் பின்வருநிலை: “அவிழ்ந்தன தோன்றி அலர்ந்தன காயா” என்பதில் மலர்தல் என்னும் ஒரே பொருள். சொல்லும் பொருளும் ஒருங்கே வந்தால் சொற்பொருள் பின்வருநிலை: “எல்லா விளக்கும் விளக்கல்ல” என்று தொடங்கும் குறள்.

11. வஞ்சப்புகழ்ச்சிக்கும் அங்கதத்துக்கும் என்ன வேறுபாடு? அங்கதம் இக்காலச் சொல் என்று நினைத்திருந்தேன்.

அங்கதம் தொல்காப்பியத்துச் சொல். செய்யுளியலில் அது செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுகிறது. வெளிப்படையாக வசைபாடுவது முன்னது, வசையை மறைத்துச் சொல்வது பின்னது. அங்கதம் ஒரு நோக்கத்தின் பெயர். குறையை எள்ளிச் சுட்டுவது அதன் வேலை. வஞ்சப்புகழ்ச்சி ஒரு சொல்முறையின் பெயர். புகழ்வது போலப் பழிப்பதும், பழிப்பது போலப் புகழ்வதும் அதில் அடங்கும்.

“தேவர் அனையர் கயவர் அவருந்தாம் / மேவன செய்தொழுக லான்” என்ற குறள் கயவரைத் தேவரோடு ஒப்பிட்டு உயர்த்துவது போலத் தொடங்கி, மனம்போன போக்கில் நடப்பவர்கள் என்று முடிகிறது. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, அழகாகக் காவல்மனையில் இருக்கின்றன என்றும், அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சொல்கிறார். ஒரே பாட்டில் இருவழியும் செல்லும் வஞ்சப்புகழ்ச்சி இது: ஒருவனைப் புகழ்வது போலப் பழித்து, மற்றவனைப் பழிப்பது போலப் புகழ்கிறது.

12. ஒரே குறளுக்கு ஓர் உரைநூலில் ஓர் அணியும், இன்னொன்றில் வேறோர் அணியும் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஒரு செய்யுளில் ஓர் அணிதான் இருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. 11ஆம் கேள்வியில் கண்ட ‘தேவர் அனையர்’ குறளில் ‘அனையர்’ என்ற சொல்லால் உவமை இருக்கிறது. அந்த உவமையின் நோக்கத்தால் வஞ்சப்புகழ்ச்சி இருக்கிறது. பல அணிகள் கலந்து வருவதற்கே சங்கீரணம் என்று தண்டியலங்காரம் பெயரிட்டு, அது கூறும் 35 பொருளணிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது.

தேர்வு எழுதுபவர்கள் தங்கள் பாடநூல் சொல்லும் விடையையே எழுத வேண்டும். அங்கே வாதிட்டுப் பயனில்லை. தேர்வுக்கு வெளியே படிப்பவர்கள், பாட்டின் உயிர் எந்த அணியில் தங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். ‘தேவர் அனையர்’ குறளிலிருந்து எள்ளலை எடுத்துவிட்டால் மிஞ்சும் உவமைக்குச் சுவை இல்லை; ஆகவே வஞ்சப்புகழ்ச்சி என்று சொல்வதே என் விருப்பம்.

13. சிறுகதை, நாவல் படிப்பவர்களுக்கு இந்தப் பழைய சொற்கள் எதற்கு? படிமம், குறியீடு, கதைசொல்லி போன்றவை தெரிந்தால் போதாதா?

புதிய சொற்களையும் கற்கத்தான் வேண்டும். படிமம், குறியீடு, தொன்மம், நனவோடை ஆகியவை இக்காலத் திறனாய்வில் நிலைபெற்றவை; அவற்றைப் பழைய அணிகளின் மறுபெயர்கள் என்று காட்ட முயல்வது வீண்வேலை. இறைச்சிக்கும் குறியீட்டுக்கும் நெருக்கம் உண்டு. ஆனாலும் இறைச்சி, கருப்பொருளையும் உரிப்பொருளையும் கொண்ட அகமரபுக்குள் இயங்குவது, குறியீட்டுக்கு அந்த வேலி இல்லை.

ஆனால் பழைய சொற்களுள் ஒன்று நாவல் வாசகருக்கு நேரடியாகப் பயன்படும்: கூற்று. அகப்பாடல்களில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தோழி, செவிலி, பரத்தை என்று யாரேனும் ஒருவர் பேசுகிறார். பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று பாட்டின் அடியில் குறிப்பு இருக்கும். 7ஆம் கேள்வியில் கண்ட 8ஆம் பாடலை மீண்டும் படித்துப் பாருங்கள். தலைவன் தானாக வந்தான் என்பதும், வீட்டில் அவன் ஆடிப்பாவை என்பதும் பரத்தையின் கூற்று. அவள் சினத்தோடு பேசுகிறாள், தன் பக்கம் நியாயம் கேட்கிறாள், எதிர்த்தரப்பின் காதில் விழ வேண்டும் என்றே சொல்கிறாள். இதே நிகழ்வைத் தலைவி சொல்லியிருந்தால் மாம்பழமும் வாளையும் இப்படிப் பொருந்தியிருக்குமா என்று கேட்பவர், தன்மையில் சொல்லப்படும் ஒரு நாவலின் கதைசொல்லி எதை மறைக்கிறார் என்றும் கேட்கக் கற்றுக்கொண்டுவிடுவார்.